சாப்பாட்டுக்கென்று ஒரு கட்டம்

நம் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் போன மாதம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். மலம் அடக்க முடியாத நோயாளிகளிடம் நாம் கொடுத்தனுப்பும் அட்டையில் நான்கு கட்டங்கள் இருக்கின்றன. கசிவு எத்தனை தடவை, கழிப்பறைக்குப் போனது எத்தனை தடவை, அவசரம் வந்தபோது எவ்வளவு நேரம் தாங்க முடிந்தது என்ற மூன்றும் அவருக்குப் புரிகின்றன. நான்காவதாக, ‘இன்று என்ன சாப்பிட்டீர்கள்’ என்று ஒரு கட்டம் எதற்கு? தாம் படித்த இடத்து அட்டையில் அது இல்லை, நோயாளிகள் அதை நிரப்புவதற்குச் சலித்துக்கொள்கிறார்கள், எடுத்துவிடலாமா என்றார்.

எடுக்க வேண்டாம் என்று மட்டும் அன்று சொன்னேன். காரணத்தை எழுதித் தருவதாக வாக்களித்திருந்தேன். நான் ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன; இப்போது எழுதாவிட்டால், அந்தக் கட்டத்தை யார் எதற்காகப் போட்டார்கள் என்று சொல்ல ஆள் இருக்காது. போட்டவன் நான். போட வைத்தது என் பிழை.

திண்டுக்கல்லில் இந்தச் சிகிச்சையைத் தொடங்கிய புதிதில் நடந்தது இது. வாலெலும்புக்கு மேலே உள்ள முக்கோண எலும்பின் துளை வழியே ஒரு மெல்லிய கம்பியைச் செலுத்தி, மலக்குடலை ஆளும் நரம்புக்கு அருகில் நிறுத்துகிறோம். இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைப்பதைப் போல, இடைவிடாத மிக மெல்லிய மின்துடிப்பை அந்த நரம்புக்குக் கொடுக்கிறோம். நேராகக் கருவியை உடம்புக்குள் புதைத்துவிடுவதில்லை. முதலில் கம்பியை மட்டும் வைத்து, கருவியை வெளியே இடுப்பில் கட்டி, இரண்டு வாரம் வீட்டுக்கு அனுப்புகிறோம். கசிவு பாதிக்கு மேல் குறைந்தால்தான் நிரந்தரக் கருவி. அந்தத் தீர்ப்பைச் சொல்வது நம் கையெழுத்து இல்லை. நோயாளி தன் கையால் நிரப்பும் அட்டை. இவ்வளவும் உங்களுக்குத் தெரியும். அந்த அட்டை எப்படிப் பொய் சொல்லும் என்பதே நான் சொல்ல வந்தது.

வந்தவர் தொப்பம்பட்டிப் பக்கத்துப் பெண்மணி. வயது நாற்பத்தாறு. பெயரை மாற்றி வள்ளியம்மாள் என்கிறேன். பழனி சாலையில் ஒரு நூற்பாலையில் பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவர். ஒரு பகுதிக்கு மேற்பார்வையாளராக உயர்ந்தவர். இரண்டாவது பிரசவத்தில் ஆசனவாய்த் தசையில் ஏற்பட்ட கிழிசல் ஆண்டுகள் கழித்து அவரைப் பழிவாங்கிற்று. ஆலைக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் வேனில் ஒரு நாள் அவரை அறியாமல் கசிந்துவிட்டது.

“ஒருத்தி ஜன்னலத் தொறந்தாளுங்க. யாரும் ஒண்ணும் சொல்லல. திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பனுங்க. சும்மா ஜன்னலத் தொறந்துட்டு வெளிய பாத்துட்டு உக்காந்திருந்தாங்க எல்லாரும்,” என்றார்.

மறுநாளிலிருந்து அவர் வேலைக்குப் போகவில்லை. மூன்று ஆண்டுகள் வீட்டைவிட்டு அதிகம் வெளியே வரவில்லை. கட்டாயம் போக வேண்டிய நாள் என்றால் முந்தைய இரவிலிருந்து எதையும் உண்ணாமல் போய்த் திரும்பிவிடுவார். இதை முதல் நாளே அவர் எங்களிடம் சொன்னார். நானும் கோப்பில் எழுதிக்கொண்டேன். எழுதிக்கொண்டதை மறந்தும் போனேன்.

ஆலையிலிருந்து அப்போது அவருக்கு ஓர் அழைப்பு வந்திருந்தது. பழைய மேற்பார்வையாளர் ஒருவர் விலகுகிறார். வருகிற ஒன்றாம் தேதி வந்து சேர்ந்தால் அதே பொறுப்பைத் தருகிறோம், வராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று. அந்த ஒன்றாம் தேதிக்காகத்தான் அவர் எங்களைத் தேடி வந்தார்.

நம் அடியவர்கள் இந்த உடம்பைப் பற்றிப் பாடும்போது அதன் வாயில்கள் கசிவதைக் கூசாமல் பாடினார்கள். இறைவன் முன்னிலையில் சொல்லத் தகாத உறுப்பு என்று அவர்களுக்கு எதுவும் இருந்ததில்லை. ஆனால் அந்தப் பாடல்களைக் கேட்டு வளர்ந்த நம் ஊர்ப் பெண்கள் ஒரு மருத்துவர் முன்னால் அமர்ந்து ‘வெளிக்கு’ என்ற சொல்லைத் தாண்டுவதற்கு அரை மணி நேரம் ஆகிறது. வள்ளியம்மாளுக்கும் அப்படித்தான் ஆயிற்று. அந்த அரை மணியும் பேச்சுக் கொடுத்து அவரைக் கரை சேர்த்தவர் நம் பிரிவின் சிஸ்டர். அகரத்துக்காரர், வேதக்கோவிலுக்குப் போகும் கிறிஸ்தவர், என்னைவிட இருபது வயது இளையவர். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. நான் இந்தத் தொழிலில் கற்றவற்றில் பாதி அவரிடம் கற்றது.

இனி என் பிழைக்கு வருகிறேன். காலையில் நீராடி, திருநீறு அணிந்து, ஒரு பதிகமேனும் ஓதிய பிறகே ஆப்பரேஷன் தியேட்டருக்குள் அடி வைப்பது என் முப்பது ஆண்டு வழக்கம். நெற்றியில் நீறோடுதான் நோயாளிகளைப் பார்த்தேன். கம்பியை வைத்து முடித்து வள்ளியம்மாளை வீட்டுக்கு அனுப்பிய அன்று, அவர் பயந்திருப்பதைப் பார்த்து, ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னேன்: “என் பங்கைச் செய்துவிட்டேன், அம்மா. இனி முருகன் பார்த்துக்கொள்வான். நீங்களும் மனமுருக வேண்டிக்கொள்ளுங்கள், பலிக்கும்.”

அவர் என் நெற்றியைப் பார்த்துக் கைகூப்பினார். எனக்கு அது நிறைவாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து அவர் திரும்பி வந்தபோது அட்டையைப் பார்த்தேன். முதல் கட்டத்தில் பதினான்கு நாளும் சுழியம். சோதனைக்கு முன் தினமும் ஒரு தடவையாவது கசிந்தவருக்கு ஒன்றுகூட இல்லை. நான் அதுவரை அப்படி ஓர் அட்டையைப் பார்த்ததில்லை. முகமும் ஒடுங்கி, கண்கள் பெரிதாகி, ஒரு தெளிவோடு இருப்பதாக எனக்குப் பட்டது; சிஸ்டரிடமும் அப்படியே சொன்னேன். மறுநாள் காலை நிரந்தரக் கருவி பொருத்துவது என்று முடிவாயிற்று. கருவியோடு கம்பெனியின் தொழில்நுட்பர் சென்னையிலிருந்து ஏற்கெனவே வந்திருந்தார். ஒன்றாம் தேதிக்கு மூன்று வாரம் இருந்தது. புண் ஆறி வேலைக்குப் போக அது சரியாகப் போதும். எல்லாம் கூடி வந்ததாக நினைத்தேன். இப்படி எல்லாம் கூடி வரும்போதுதான் நாம் கண்ணை மூடிக்கொள்கிறோம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மாலை நான்கு மணிக்குச் சிஸ்டர் அந்த அட்டையோடு என் அறைக்கு வந்தார்.

“டாக்டர், செத்த நேரம் இருக்குமா?”

“சொல்லுங்க சிஸ்டர்.”

“அம்புட்டும் சுழியமா இருக்கு.”

“ஆமாம். முருகன் அருள்.”

“ரெண்டாவது கட்டத்தப் பாத்தீங்களா?”

நான் பார்க்கவில்லை. கழிப்பறைக்குப் போனதைக் குறிக்கும் அந்தக் கட்டத்தில், பதினான்கு நாளில் மூன்று நாட்களில் மட்டும் ஒரு கோடு இருந்தது.

“உள்ள எதுவும் போனாத்தான டாக்டர் வெளிய வரும்?” என்றார் சிஸ்டர். “எடையும் பாத்தேன். மூணரைக் கிலோ குறைஞ்சிருக்கு. நீங்க முகத்துல தெளிவுன்னு சொன்னீங்க. அது பசி.”

வார்டுக்குப் போனோம். வள்ளியம்மாளிடம் நான் வாய் திறப்பதற்குள் சிஸ்டரே சாதாரணமாக, மதியச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவது போலக் கேட்டார்.

“அக்கா, இந்த ரெண்டு வாரமும் என்ன வெஞ்சனம் வச்சுச் சாப்பிட்டீங்க?”

“வெஞ்சனமெல்லாம் ஏதுங்க சிஸ்டரு. வெரதம்ல இருந்தனுங்க.”

“பதினாலு நாளுமா?”

“ஆமாங்க. காலைல ஒரு டம்ளர் பாலு, பொழுதெறங்குனா ரெண்டு வாழைப்பழம். முருகனுக்கு நேந்துக்கிட்டனுங்க.” பிறகு என்னைப் பார்த்து, பெருமையோடு சொன்னார்: “டாக்டருங்க சொன்னாருல்லங்க, மனசுருக வேண்டிக்கோன்னு. சும்மா வாய்ல வேண்டுனா எப்பிடிங்க? வகுத்தக் கட்டி வேண்டுனாத்தான அவன் காதுல விழும்.”

வெண்ணிற அங்கி அணிந்த ஒருவர் நெற்றியில் நீறோடு சொல்லும் ஆறுதல், நம் மண்ணில் ஆறுதலாகக் கேட்கப்படுவதில்லை. அது மருந்துச் சீட்டில் எழுதியதாகிவிடுகிறது. அவர் அதை ஒரு வேளைகூடத் தவறாமல் உட்கொண்டிருக்கிறார். வெளியே போகும் நாளில் பட்டினி கிடந்து மானத்தைக் காத்துக்கொண்ட மூன்று ஆண்டுப் பழக்கமும் என் ஒரு வாக்கும் சேர்ந்து அந்தப் பதினான்கு சுழியங்களை எழுதியிருந்தன. கருவி வேலை செய்ததா இல்லையா என்பது எங்களுக்கு எள்ளளவும் தெரியாது.

அறைக்குத் திரும்பி வந்தோம். உங்களிடம் மறைப்பதற்கில்லை, என் மனம் பொருத்திவிடலாம் என்ற பக்கமே சாய்ந்தது. கம்பி சரியான துளையில் இருக்கிறது. பெரும்பாலும் வேலை செய்யும். ஒன்றாம் தேதி தவறினால் அவருக்கு அந்தப் பொறுப்பு கிடைக்காது. வெளியே வரும் கம்பியோடு சோதனையை நீட்டித்தால் கிருமி தொற்றும் ஆபத்து நாளுக்கு நாள் கூடும். இத்தனை நியாயங்களையும் சிஸ்டரிடம் அடுக்கினேன். அவர் முழுவதையும் கேட்டார்.

“பொருத்திட்டு, அவுங்க வேலைக்குப் போயி, மூணு வேளை சாப்பிட்டு, மறுபடி அதே வேன்ல கசிஞ்சா, அப்ப என்ன சொல்லுவீங்க டாக்டர்? கருவியும் கைவிட்ருச்சு, சாமியும் கைவிட்ருச்சுன்னு அவுங்க வீட்டுக்குள்ள போயிக் கதவச் சாத்துனா, எந்தச் சாமிகிட்ட போயி அவுங்களத் திரும்பக் கூட்டிட்டு வாரது?”

தியேட்டர் பட்டியலை எடுத்து மறுநாள் காலை முதல் பெயரை அடித்தேன். தொழில்நுட்பரைப் பத்து நாள் கழித்து வரச் சொன்னேன். அவர் முகம் சுளித்தார். சுளிக்கட்டும் என்று விட்டேன். தியேட்டர் வேலைகளில் கடினமானது கத்தியைக் கையில் எடுப்பது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். எடுக்க எல்லாம் தயாராக இருக்கும்போது எடுக்காமல் இருப்பது அதைவிடக் கடினம். அதற்குச் சிறப்புப் பயிற்சி எதுவும் இல்லை.

வள்ளியம்மாளிடம் நானே சொன்னேன். சிஸ்டரைச் சொல்லவிட்டிருந்தால் அது கோழைத்தனம்.

“நாளைக்குக் கருவி பொருத்தப் போவதில்லை, அம்மா. இன்னும் பத்து நாள் வெளிக்கருவியோடு இருக்க வேண்டும். பத்து நாளும் மூன்று வேளை, எப்போதும் போலச் சாப்பிட வேண்டும்.”

அவர் உடனே அழவில்லை. முதலில் விரலை மடக்கி நாளை எண்ணினார்.

“பத்து நாளுங்களா. அப்புறம் ஆப்பரேசன். அப்புறம் காயம் ஆற ரெண்டு வாரம். ஒண்ணாந் தேதி தாண்டிருமுங்க.”

“தாண்டிவிடும்.”

“சாமி குடுத்துட்டாருங்க. கார்டுல நீங்களே பாத்தீங்க. குடுத்தத வேண்டாம்னு சொல்றதுக்கு நீங்க யாருங்க?”

“சாமி கொடுத்ததா, பட்டினி கொடுத்ததா என்று எனக்குத் தெரியவில்லை, அம்மா. உங்களுக்கும் தெரியாது. பாலும் பழமும் மட்டும் உண்டு நீங்கள் ஆலையில் எட்டு மணி நேரம் நிற்க முடியாது. சாப்பிட்டுவிட்டு நிற்க முடிகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.” பிறகு, சொல்ல வேண்டியதைச் சொன்னேன்: “வேண்டிக்கொள்ளுங்கள் என்று சொன்னது நான்தான். அதோடு நிறுத்தாமல், சாப்பிட்டுவிட்டு வேண்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். தவறு என்னுடையது.”

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இரவுச் சாப்பாட்டைச் சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டாத குறையாகக் கொடுத்தார் என்று பின்னர் அறிந்தேன். மூன்று இட்லி. மூன்றாவது இட்லிக்கு ஒரு மணி நேரம் ஆயிற்றாம். இட்லியைப் பார்த்துப் பயப்படும் ஒருவரைத் தாம் அன்றுதான் பார்த்ததாகச் சிஸ்டர் சொன்னார்.

கம்பி வைத்த இடத்தை அடிக்கடி பார்க்க வேண்டியிருந்ததால் அந்தப் பத்து நாளும் அவரை மருத்துவமனைக்கு அருகிலேயே ஓர் உறவினர் வீட்டில் தங்கச் செய்தோம். முதல் இரண்டு நாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் இரண்டு தடவை கசிந்தது. நான்காம் நாளும் இரண்டு தடவை. ஐந்தாம் நாள் காலையில் அட்டையைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார்.

“பாத்துக்கங்க. சாப்பிடுன்னு சொன்னீங்க. சாப்பிட்டேன். இப்ப திருப்தியாங்க?”

இங்கேதான் நான் உங்களைக் கொஞ்சம் நிற்கச் சொல்கிறேன். இந்த இடத்தில் பலர், சோதனை தோல்வி என்று எழுதிக் கம்பியை எடுத்துவிடுவார்கள். நான் எடுக்கவில்லை. உண்மையான அட்டை முதல் தடவையாக என் முன் இருந்தது. அதை வைத்துக்கொண்டு இனிதான் வேலையே தொடங்க வேண்டும். கம்பியில் நான்கு முனைகள் இருக்கின்றன; எந்த முனையிலிருந்து துடிப்பை அனுப்புகிறோம் என்பதை மாற்றலாம். துடிப்பு சரியான நரம்பைத் தொட்டால், நோயாளி அதை ஆசனவாயின் அருகில் உணர வேண்டும். முதல் நாள் நான் கேட்டபோது, ‘அங்கதானுங்க’ என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னவர் அவர். எங்கே என்று நான் மேலும் கேட்கவில்லை.

இந்தத் தடவை சிஸ்டரைக் கேட்கச் சொல்லிவிட்டு நான் வெளியே நின்றேன். திரை மறைத்திருந்தாலும் பேச்சுக் கேட்டது.

“துடிப்பு எங்கக்கா தெரியுது? கூசாம சொல்லுங்க. ஆம்பள யாரும் இல்ல.”

“கால் பெருவிரல்லதானுங்க. ஆட்டிக்கிட்டே இருக்கு.”

“உக்காருற எடத்துல?”

“அங்கல்லாம் ஒண்ணுமே இல்லீங்களே.”

“அன்னைக்கு டாக்டர்கிட்ட அங்கதான்னு சொன்னீங்க?”

“அவருகிட்டப் போயி அதெல்லாம் எப்பிடிங்க சிஸ்டரு வெவரமாச் சொல்றது? திருநீறு பூசிட்டு நிக்கறாரு.”

சிஸ்டர் சிரித்தது கேட்டது. சற்றுப் பொறுத்து வள்ளியம்மாளும் சிரித்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முனையை மாற்றினோம். இரண்டாவது மாற்றத்தில், “ஆங், இப்ப. தட்டித் தட்டி. உக்காருற எடத்துல,” என்றார். எஞ்சிய ஆறு நாளில் கசிவு ஒரே ஒரு தடவை, அதுவும் சிறு கறை. அந்த ஆறு நாளும் அட்டையின் ஓரத்தில், கட்டமே இல்லாத இடத்தில், அவர் தன் கையெழுத்தில் நெருக்கி நெருக்கி எழுதியிருந்தார்: இட்லி நாலு. சோறு, பருப்பு, கத்திரிக்காய். ராகிக் களி. ஒரு நாள், கோபத்தோடு போலும், கோழிக் குழம்பு என்று எழுதி அதன் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தார். பதினோராம் நாள் காலை நிரந்தரக் கருவியைப் பொருத்தினேன்.

ஒன்றாம் தேதி தவறியது. மேற்பார்வையாளர் பொறுப்புக்கு வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள். தையல் பிரிக்க வந்த அன்று அவர் அதை நேராகச் சொன்னார்.

“அந்த வேலை போயிருச்சுங்க. உங்களாலதானுங்க போச்சு.”

“ஆமாம், அம்மா. என்னால்தான்.”

நான் மேலும் விளக்கவில்லை. சரியான முடிவுக்கும் யாராவது ஒருவர் இழப்பைச் சுமக்க வேண்டியிருக்கிறது. சுமப்பவர் நோயாளியாக இருக்கும்போது, முடிவு சரி என்று அவரிடம் வாதாடி நாம் நம் பாரத்தை இறக்கிக்கொள்ளக் கூடாது. அன்று அவர் கும்பிடாமல் போனார்.

அந்த வாரமே நான்காவது கட்டத்தைச் சேர்த்துப் புதிய அட்டை அச்சிட்டோம். நோயாளியை அனுப்பும்போது ‘வேண்டிக்கொள்ளுங்கள்’ என்று சொல்வதை நிறுத்தினேன். வேண்டுவது என் வேலையாயிற்று. காலையில் ஓதும்போது அன்றைய பெயர்களையும் சேர்த்துக்கொண்டேன். அவர்களிடம் கேட்பதற்கு எனக்கு ஒரே கேள்விதான் மிஞ்சியது: சாப்பிட்டீர்களா?

எட்டு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வள்ளியம்மாள் வந்தார். அதே ஆலையில், நூலைக் கோன்களில் சுற்றும் பிரிவில், சாதாரணத் தொழிலாளியாகச் சேர்ந்திருந்தார். வேனில்தான் போய் வருகிறார். மாதத்துக்கு ஒன்றிரண்டு நாள் சிறிது கறை படுகிறது. அதைச் சமாளிக்கத் தெரிந்துகொண்டார். அட்டையை நீட்டினார். நான்கு கட்டமும் நிறைந்திருந்தன. மூன்று வேளை உணவும் எழுதப்பட்டிருந்தது. எழுந்து போகும்போது கதவருகே நின்றார்.

“ஒண்ணு கேக்கோணுங்க டாக்டரு. அடுத்த மாசம் சஷ்டி வருது. ஆறு நாள் வெரதம் இருக்கலாமுங்களா?”

முப்பது ஆண்டு பதிகம் ஓதிய நாக்கு ‘இருங்கள்’ என்று சொல்ல எழுந்தது. அதை மடக்கிக்கொண்டேன்.

“சிஸ்டரைக் கேளுங்கள், அம்மா.”

மருந்துத் தட்டோடு நின்றிருந்த சிஸ்டர் திரும்பிப் பார்த்தார்.

“இருங்கக்கா. யாரு வேணாம்னா? ஆறு நாளும் நாலாவது கட்டத்துல வெரதம்னு எழுதிருங்க. அந்த ஆறு சுழியத்தையும் நாங்க சேத்துக்க மாட்டோம்.”

“சாமி சேத்துக்குவாருல்லங்க?”

“அவரு கார்டு வேற,” என்றார் சிஸ்டர்.

வள்ளியம்மாள் எங்கள் இருவரையும் பார்த்துக் கைகூப்பிவிட்டு, வேனுக்கு நேரமாயிற்று என்று போனார். அந்தக் கட்டத்தை எடுத்துவிடாதீர்கள்.